மேலே சென்றவர் ஏன் சுற்றி வரவில்லை?

1961ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள். அமெரிக்காவின் கேப் கனாவெரல் ஏவுதளத்திலிருந்து ஆலன் ஷெப்பர்டு என்ற விண்வெளி வீரர் மெர்க்குரி வகைக் கலம் ஒன்றில் விண்ணுக்குச் சென்றார். அவர் எட்டிய உயரம் 187 கி.மீ. புறப்பட்ட பதினைந்தே நிமிடத்தில், ஏவுதளத்திலிருந்து 487 கி.மீ. தள்ளி, அட்லாண்டிக் கடலில் வந்து இறங்கிவிட்டார்.

மறு ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் அதே ஏவுதளத்திலிருந்து, அதே மெர்க்குரி வகைக் கலத்தில் ஜான் கிளென் புறப்பட்டார். அவர் பூமியை மூன்று முறை சுற்றி, 4 மணி 55 நிமிடம் கழித்துத் திரும்பினார். அவருடைய பாதையில் மிகவும் தாழ்ந்த இடம் ஏறத்தாழ 160 கி.மீ. உயரத்தில் இருந்தது.

மாணவர்களே, இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஷெப்பர்டு தொட்ட உயரம், கிளென் சுற்றிய பாதையின் தாழ்ந்த இடத்தைவிட இருபது கி.மீ.க்கும் மேல் அதிகம். அப்படியிருக்க, உயரச் சென்றவர் உடனே கீழே விழுந்தார். அவருக்குக் கீழான உயரத்திலும் பறந்தவர் விழாமல் சுற்றி வந்தார். இது எப்படி?

"ஷெப்பர்டு பூமியின் ஈர்ப்பு எல்லையைத் தாண்டவில்லை, கிளென் தாண்டிவிட்டார்" என்று சிலர் விடை சொல்லக்கூடும். இந்த விடையை நம்பாதீர்கள். ஈர்ப்புக்கு அப்படி ஒரு வேலி கிடையாது. 187 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் நூற்றுக்கு 94 பங்கு. 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில்கூட நூற்றுக்கு 88 பங்கு இருக்கிறது. அங்கே மிதக்கும் வீரர்களைப் பூமி நம்மை இழுப்பது போலவே இழுத்துக்கொண்டிருக்கிறது. கிளெனும் விழுந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் தரையை எட்டாமல் விழுந்தார்.

4.9 மீட்டர் கணக்கு

மொட்டை மாடியிலிருந்து ஒரு கல்லை நழுவ விடுங்கள் (கீழே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான்!). முதல் வினாடியில் அது 4.9 மீட்டர் கீழே இறங்கும். அதே கல்லைப் பக்கவாட்டில் வேகமாக வீசினால்? அப்போதும் முதல் வினாடியில் அது இறங்குவது அதே 4.9 மீட்டர்தான். பக்கவாட்டு வேகம், விழுவதைக் குறைப்பதில்லை.

ஆனால் பூமி தட்டையானது அல்ல. கல் பக்கவாட்டில் போகப் போகத் தரையும் அதன் கீழே வளைந்து விலகிக்கொண்டே போகிறது. எவ்வளவு விலகுகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பிதாகரஸ் தேற்றம் போதும். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. தரையைத் தொட்டுச் செல்லும் ஒரு நேர்கோட்டில் 7.9 கி.மீ. தூரம் போங்கள். இப்போது நீங்கள் இருக்கும் இடம், பூமியின் மையம், புறப்பட்ட இடம் ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம். கர்ணம் ஆரத்தைவிட எவ்வளவு அதிகம் என்று பார்த்தால், 7.9இன் வர்க்கத்தை ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தது வரும். அதாவது 62.41-ஐ 12,742 ஆல் வகுக்க வேண்டும். விடை 0.0049 கி.மீ. அதாவது 4.9 மீட்டர்!

எனவே ஒரு பொருள் வினாடிக்கு 7.9 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் சென்றால், ஒரு வினாடியில் அது 4.9 மீட்டர் விழுகிறது. தரையும் அதே 4.9 மீட்டர் விலகிக் கொடுக்கிறது. பொருளுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மாறுவதில்லை. அடுத்த வினாடியும் அப்படியே. இதுதான் சுற்றுப்பாதை.

இந்த எண்ணத்தை முதலில் தெளிவாகச் சொன்னவர் ஐசக் நியூட்டன். உயர்ந்த மலை உச்சியில் ஒரு பீரங்கியை வைத்து மேலும் மேலும் வேகமாகக் குண்டு வீசினால், ஒரு வேகத்தில் குண்டு பூமியைச் சுற்றி வந்து வீசிய இடத்துக்கே திரும்பும் என்றார் அவர். அவர் இறந்த பிறகு 1728இல் வெளிவந்த நூலில் அந்த மலையின் படம்கூட இருக்கிறது. விண்வெளி யுகம் தொடங்குவதற்கு 229 ஆண்டுகள் இருந்தபோதே செயற்கைக்கோளின் பாதை தாளில் வரையப்பட்டாகிவிட்டது.

பிறகு எதற்காக இவ்வளவு உயரம் போக வேண்டும்? காற்றிலிருந்து தப்பிக்க, அவ்வளவுதான். தரை மட்டத்தில் அந்த வேகத்தில் போனால் காற்று எந்தப் பொருளையும் எரித்துவிடும், வேகத்தையும் தின்றுவிடும். 160 கி.மீ. உயரத்துக்கு மேல் காற்று மிக மிக அருகிவிடுவதால் சில சுற்றுகளாவது தடையின்றிச் சுற்றலாம். அங்கே தேவைப்படும் வேகம் வினாடிக்கு 7.8 கி.மீ. கிளென் பெற்ற வேகம் இதுவே.

ஷெப்பர்டின் கலம் பெற்ற மிக அதிக வேகம் வினாடிக்கு 2.3 கி.மீ. மட்டுமே. அந்த வேகம் முழுவதும் பக்கவாட்டில் இருந்ததாகவே வைத்துக்கொண்டு மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வினாடியில் தரை விலகிக் கொடுப்பது 0.4 மீட்டர்தான். விழுவதோ ஏறக்குறைய 4.9 மீட்டர். அவர் எட்டிய உயரத்திலிருந்து தொடங்கினாலும் அந்தப் பந்தயத்தில் தரைதான் வெல்லும். இத்தகைய பயணத்தைச் சுற்றுப்பாதை எட்டாத பயணம் என்று சொல்லலாம்.

இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம். எறிந்த கல்லின் பாதை பரவளையம் என்று படித்திருப்பீர்கள். தரையைத் தட்டையாகக் கொண்டால் அது சரி. உண்மையில் அது பூமியின் மையத்தைக் குவியமாகக் கொண்ட ஒரு நீள்வட்டத்தின் சிறு துண்டு. மீதிப் பகுதி தரைக்குள் மறைந்து கிடக்கிறது. பூமி முழுவதையும் ஒரு புள்ளியாகச் சுருக்க முடியுமானால், நீங்கள் எறியும் கல்லும் அந்தப் புள்ளியைச் சுற்றிவிட்டு உங்கள் கைக்கே திரும்பி வரும்! ஷெப்பர்டின் பாதையும் ஒரு நீள்வட்டமே. அது தரையை வெட்டியது. கிளெனின் நீள்வட்டம் தரையையும் காற்று மண்டலத்தையும் வெட்டவில்லை. இரண்டு பயணங்களுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

எடையின்மையும் இருவருக்கும் பொதுவானதே. இராக்கெட் எஞ்சின் நின்றபின் கலமும் அதற்குள் இருப்பவரும் ஒரே விதமாக விழுவதால் இருக்கை அவரைத் தாங்க வேண்டியதில்லை, அவர் மிதக்கிறார். ஷெப்பர்டு ஏறத்தாழ ஐந்து நிமிடம் மிதந்தார், கிளென் மணிக்கணக்கில்.

பத்தாயிரம் கி.மீ. உயரமும் போதவில்லை

உயரத்தை இன்னும் கூட்டினால் என்ன ஆகும்? 1976 ஜூன் 18ஆம் நாள் இதற்கும் ஒரு சான்று கிடைத்தது. ஈர்ப்பு குறையும் இடத்தில் கடிகாரம் வேகமாக ஓடும் என்பது ஐன்ஸ்டைனின் கொள்கை. அதைச் சோதிக்க 'கிராவிட்டி புரோப்-ஏ' என்ற கருவியை அமெரிக்க அறிவியலார் வர்ஜீனியா மாநிலத்தின் வாலப்ஸ் தீவிலிருந்து ஏவினார்கள். அதனுள் இருந்தது ஹைட்ரஜன் மேசர் என்னும் மிக நுட்பமான கடிகாரம். அது 10,000 கி.மீ. உயரம் வரை சென்றது. விண்வெளி நிலையத்தின் உயரத்தைப் போல் 25 மடங்கு! ஆனாலும் அது ஒரு முறைகூடப் பூமியைச் சுற்றவில்லை. 1 மணி 55 நிமிடத்தில் அட்லாண்டிக் கடலில் விழுந்துவிட்டது. கொள்கை சரியென்று காட்டிவிட்டுத்தான் விழுந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தரையிலிருந்து நேர் மேலே 10,000 கி.மீ. உயரத்துக்கு ஒரு பொருளை எறிய வேண்டுமானால், காற்றுத் தடையை விட்டுவிட்டாலும், வினாடிக்கு 8.7 கி.மீ. வேகம் வேண்டும். இது சுற்றுப்பாதைக்குத் தேவையான வேகத்தைவிட அதிகம்! ஆகவே வேகம் இருந்தால் மட்டும் போதாது. அது பக்கவாட்டில் இருக்க வேண்டும். இராக்கெட் ஏவப்படும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். முதலில் நேராக எழுந்து, சிறிது நேரத்தில் சாய்ந்து, பிறகு கிட்டத்தட்டப் படுத்த நிலையில் ஓடும். அது வழி தவறுவதில்லை. உண்மையான வேலையை அப்போதுதான் செய்கிறது.

ஒரு குடம் தண்ணீர்

ஒரு கிலோகிராம் பொருளை 100 கி.மீ. உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 1 மெகாஜூல் ஆற்றல் போதும். அதே ஒரு கிலோவை 400 கி.மீ. உயரத்தில் சுற்றவைக்க வேண்டுமானால் உயரத்துக்காக 3.7 மெகாஜூல், வேகத்துக்காக 29.4 மெகாஜூல், ஆக 33 மெகாஜூல் வேண்டும். ஒன்பதில் எட்டுப் பங்கு வேகத்துக்கே போய்விடுகிறது, பாருங்கள். சமையலறை அளவில் சொன்னால், 1 மெகாஜூல் வெப்பம் இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்கும். 33 மெகாஜூல் வெப்பம் 13 லிட்டரை, அதாவது ஒரு குடம் தண்ணீரை, ஒரு சொட்டு மிச்சமின்றி ஆவியாக்கிவிடும்.

33 மெகாஜூல் என்பது ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல்தானே, அப்படியானால் ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் போதாதா என்று உங்களில் கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. சிக்கல் என்னவென்றால், இராக்கெட் தன் எரிபொருளையும், அது எரிவதற்கான ஆக்சிஜனையும் தானே சுமந்து செல்ல வேண்டும். கடைசியில் எரியப் போகும் எரிபொருளைத் தூக்குவதற்காகவே முதலில் நிறைய எரிபொருள் எரிகிறது. இந்தக் கணக்கை 1903இல் வெளியிட்டவர் ருஷ்ய ஆசிரியர் ஸியோல்கோவ்ஸ்கி. எஞ்சினிலிருந்து வாயு வினாடிக்கு 3 கி.மீ. வேகத்தில் பீறிடுவதாக வைத்துக்கொள்வோம். இராக்கெட் 3 கி.மீ. வேகம் பெற வேண்டுமானால், புறப்படும்போது அதன் எடை இறுதி எடையைப் போல் 2.7 மடங்கு இருக்க வேண்டும். 6 கி.மீ. வேகத்துக்கு 7.4 மடங்கு. 9 கி.மீ. வேகத்துக்கு 20 மடங்கு! வேகம் கூட்டலில் ஏற, எடை பெருக்கலில் ஏறுகிறது. ஈர்ப்பும் காற்றும் வழியில் பறிக்கும் பங்கையும் சேர்த்தால், சுற்றுப்பாதைக்கு இந்த 9 கி.மீ. அளவுக்கு ஈடு கொடுத்தே ஆக வேண்டும். வழியில் காலியான பகுதிகளைக் கழற்றி எறியும் பல கட்ட இராக்கெட்டுகள் பிறந்தது இதனால்தான்.

நமது இரண்டு வீரர்களுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. கலம் ஒரே வகை. ஷெப்பர்டைத் தூக்கிய ரெட்ஸ்டோன் இராக்கெட்டின் எடை ஏறத்தாழ 30 டன், உந்துவிசை 35 டன். கிளெனைத் தூக்கிய அட்லஸின் எடை ஏறத்தாழ 120 டன், உந்துவிசை ஏறத்தாழ 160 டன்.

திரும்பும் வழி

சுற்றுப்பாதை எட்டாத பயணத்தில் திரும்பி வருவதற்கு எதுவுமே செய்ய வேண்டியதில்லை. ஷெப்பர்டு தம் கலத்தின் பின்னியக்க இராக்கெட்டுகளை இயக்கினார் என்றாலும் அது ஒத்திகைதான். இயக்காமல் இருந்திருந்தாலும் கடலுக்கே வந்திருப்பார். கிளெனின் நிலை வேறு. அவர் வேகத்தைக் குறைத்தால்தான் வீடு திரும்ப முடியும். மூன்று சிறு இராக்கெட்டுகள் எரிந்து அவர் வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 150 மீட்டரைக் குறைத்தன. 7,800 மீட்டரில் 150 மீட்டர்! அதுவே போதும். நீள்வட்டத்தின் தாழ்ந்த பகுதி காற்று மண்டலத்துக்குள் இறங்கிவிடுகிறது. மிச்ச வேகத்தைக் காற்றே உறிஞ்சிக்கொள்கிறது.

உறிஞ்சிய வேகம் வெப்பமாக மாறும். நாம் கணக்கிட்ட குடம் தண்ணீர் நினைவிருக்கிறதா? ஏறும்போது கொடுத்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது எங்காவது போக வேண்டும். பெரும்பகுதி சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குவதில் கழிந்துவிடுகிறது. கலத்தைத் தாக்கும் சிறு பகுதியே உலோகத்தை உருக்கப் போதுமானது. ஷெப்பர்டின் கலத்துக்குப் பெரிலியம் உலோகத்தால் ஆன கவசம் இருந்தது. அது வெப்பத்தைத் தன்னுள் வாங்கித் தேக்கிக்கொள்ளும், அவ்வளவே. கிளெனின் கலத்துக்கு அது தாங்காது. எனவே கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த கவசம் பொருத்தினார்கள். அதன் மேற்பரப்பு கருகி, ஆவியாகி, வெப்பத்தையும் தன்னுடன் கொண்டுபோய்விடும். கிளென் சுற்றிக்கொண்டிருந்தபோது அந்தக் கவசம் தளர்ந்துவிட்டதாகக் கருவி ஒன்று காட்டியது. உண்மையில் பழுது கருவியில்தான். ஆனால் அப்போது யாருக்குத் தெரியும்? கவசத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று பின்னியக்க இராக்கெட் பெட்டியைக் கழற்றாமலேயே அவரை இறங்கச் சொன்னார்கள். அந்தப் பெட்டி எரிந்து துண்டு துண்டாகச் சன்னலைக் கடந்து பறப்பதைப் பார்த்துக்கொண்டே அவர் இறங்கினார். எரிவது பெட்டியா, கவசமா என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாது.

ஒன்றில் மட்டும் சுற்றுப்பாதை எட்டாத பயணமே கடுமையானது. ஷெப்பர்டு செங்குத்தாக அடர்ந்த காற்றுக்குள் விழுந்ததால், அவர் உடல் எடையைப் போல் 11 மடங்குச் சுமை அவரை அழுத்தியது. கிளென் சாய்வாக, நீண்ட தூரம் காற்றை உரசி வந்தார். அவருக்கு அழுத்தம் எட்டு மடங்கை எட்டவில்லை.

சுற்றுப்பாதைக்குப் போகப் புறப்பட்டு, போகாமல் திரும்பியவர்களும் உண்டு. 1975 ஏப்ரல் 5ஆம் நாள் சோவியத் வீரர்கள் லாசரெவ், மகாரொவ் இருவரும் சல்யூத்-4 விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பினார்கள். 145 கி.மீ. உயரத்தில் இராக்கெட்டின் ஒரு கட்டம் சரியாகக் கழலவில்லை. தானியங்கி அமைப்பு அவர்கள் கலத்தைப் பிரித்துவிட்டது. கலம் மேலும் ஏறி 192 கி.மீ. உயரத்தைத் தொட்டது. கிளென் சுற்றிய தாழ்ந்த உயரத்தைவிட இது அதிகம். ஆனால் பக்கவாட்டு வேகம் போதவில்லை! இருவரும் கீழே விழுந்தார்கள். திரும்பும்போது உடல் எடையைப் போல் இருபது மடங்குக்கும் மேற்பட்ட சுமை அவர்களை நசுக்கியது. அல்தாய் மலையின் பனிச் சரிவில் இறங்கிய கலம் ஒரு பள்ளத்தை நோக்கிச் சறுக்க, பாராசூட் எதிலோ சிக்கிக்கொண்டதால் நின்றது. இருவரும் உயிர் பிழைத்தார்கள். அவர்கள் பறந்த நேரம் 21 நிமிடம்.

இரண்டும் வேண்டும்

சுற்றுப்பாதை எட்டாத பயணம் பயனற்றது என்று எண்ணிவிட வேண்டாம். பலூன்கள் ஏறத்தாழ 40 கி.மீ.க்கு மேல் ஏறுவது அரிது. செயற்கைக்கோள்கள் 150 கி.மீ.க்குக் கீழே நீடிக்க முடியாது. இடைப்பட்ட காற்றை நேரில் தொட்டு ஆராய, மேலே போய் விழும் ஆய்வு இராக்கெட்டுகளே ஏற்றவை. இந்தியாவின் விண்வெளி முயற்சி தொடங்கியதும் இப்படித்தான். 1963 நவம்பர் 21ஆம் நாள் கேரளத்தில் உள்ள தும்பாவிலிருந்து 'நைக்கி-அப்பாச்சி' என்ற அமெரிக்க இராக்கெட் ஏவப்பட்டது. அந்தி நேரத்தில் உயர வானில் அது சோடியம் ஆவியைக் கக்கியது. அந்த ஆவி நகர்ந்த விதத்திலிருந்து அங்குள்ள காற்றோட்டத்தைக் கணக்கிட்டார்கள். புவியின் காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிச் செல்வதால்தான் அந்த மீனவக் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

விழும் இராக்கெட்டிலிருந்து சுற்றும் செயற்கைக்கோளுக்கு வந்து சேர நமக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 இராக்கெட், 1979 ஆகஸ்ட் 10ஆம் நாள் முதல் முறை ஏவப்பட்டபோது, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதடைந்ததால் வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18ஆம் நாள் மறுபடி ஏவியபோது ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் அமர்ந்தது. கோளின் எடை 35 கிலோ. அதைக் கொண்டுசென்ற இராக்கெட்டின் எடை 17 டன்!

2021இல் செல்வந்தர்கள் சிலர் தம் சொந்த நிறுவனங்களின் கலங்களில் விண்வெளிக்குப் போனது பெரிய செய்தி ஆயிற்று. ஜூலை 11இல் ஒரு கலம் 86 கி.மீ. வரையும், ஜூலை 20இல் இன்னொன்று 107 கி.மீ. வரையும் சென்று, நிமிடக் கணக்கில் திரும்பின. விண்வெளி தொடங்குவது 80 கி.மீ.யிலா 100 கி.மீ.யிலா என்ற வாதமும் அப்போது சூடு பிடித்தது. கோட்டை எங்கே போட்டாலும் அவர்கள் சென்றது ஷெப்பர்டின் வழியில்தான். அதே ஆண்டு செப்டம்பரில் நான்கு பயணிகள் ஏறத்தாழ 585 கி.மீ. உயரத்தில் மூன்று நாள் சுற்றி வந்தார்களே, அது கிளெனின் வழி. செய்தித்தாள்கள் இரண்டையும் 'விண்வெளிச் சுற்றுலா' என்ற ஒரே தலைப்பில் போட்டுவிட்டன.

இப்போது ஒரு கணக்கு. தரையை ஒட்டிச் சுற்றத் தேவையான வேகத்தின் வர்க்கம், ஈர்ப்பு முடுக்கத்தை ஆரத்தால் பெருக்கியதற்குச் சமம். மேலே போட்ட 4.9 மீட்டர் கணக்கிலிருந்தே இதை நீங்கள் வருவித்துவிடலாம். சந்திரனின் ஈர்ப்பு முடுக்கம் 1.62, ஆரம் 1,738 கி.மீ. ஆரத்தை மீட்டராக மாற்றிப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வினாடிக்கு 1,680 மீட்டர் வரும். அதாவது ஷெப்பர்டின் 2.3 கி.மீ. வேகமே அங்கே சுற்றுப்பாதைக்குத் தாராளமாகப் போதும்! 1971 பிப்ரவரி 6ஆம் நாள் அதே ஷெப்பர்டு, மிட்செல் என்ற வீரருடன் சந்திரனின் தரையிலிருந்து மேலெழுந்து, அங்கே சுற்றிக்கொண்டிருந்த தாய்க்கலத்தை அடைந்தார். அவர்களைத் தூக்கிய எஞ்சினின் உந்துவிசை 1.6 டன்தான். செவ்வாயின் ஈர்ப்பு முடுக்கம் 3.7, ஆரம் 3,390 கி.மீ. அதற்கான வேகத்தை நீங்களே கண்டுபிடித்து, ஷெப்பர்டின் வேகத்தோடும் கிளெனின் வேகத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.